பால்மாற்றச் சட்டமும் பெண்டிர் காப்பும்

பிறப்புப் பதிவேட்டில் ஆண் என்றோ பெண் என்றோ ஒருமுறை எழுதப்பட்டதனைப் பின்னர் மாற்றுதற்கு இடமுண்டோ, உண்டாயின் யாருடைய சொல்லின்மேல் மாற்றுவது என்னும் வினா, மேனாட்டுச் சட்டசபைகள் பலவற்றைச் சில காலமாகக் கலக்கி வருகின்றது. ஆர்ஜென்டைனா தேசத்தார் 2012-ஆம் ஆண்டிலும், டென்மார்க்கு தேசத்தார் 2014-ஆம் ஆண்டிலும், அயர்லாந்து தேசத்தார் 2015-ஆம் ஆண்டிலும், ஜெர்மானியர் 2024-ஆம் ஆண்டிலும், மருத்துவர் சான்று வேண்டாது உரியவர் தாமே கூறும் உறுதிமொழியே போதும் என்று விதி செய்தனர். இதனைத் தற்கூற்று விதி என்று யாம் ஈண்டு வழங்குவோம். எல்லாத் தேசத்துச் செய்திகளையும் ஆராயப் புகின் விரியுமாதலின், இவ்விவாதம் மிகக் கூர்மையாய் நிகழ்ந்த ஸ்காத்லாந்து ஒன்றனையே எடுத்துக்கொள்கின்றோம். நம் நாட்டிற் கல்லூரிகள் நிறுவிய குருமார் சிலர் பிறந்த நாடாதலின், அது நம் வாசகர்க்கு முற்றும் அயலான பெயரன்று.

முதற்கண் ஒன்று கூறி மேற்செல்வோம். பிறந்த பாலோடு தம் உள்ளம் பொருந்தாமையால் துன்புறும் மக்கள் உண்மையாகவே உளர். அவரை நகைத்தலும், அவர்க்கு வீடும் வேலையும் மறுத்தலும் கொடுமையேயாம். தொல்காப்பியனார் ஆண்மை திரிந்த பெயரைப்பற்றி விதி கூறுமிடத்து அதனை உயர்திணையுள் வைத்தே கூறினார் என்பதை இலக்கணம் பயில்வோர் அறிவர். அப்பழைய ஆசிரியர் கொடுத்த இடத்தை இக்காலத்துத் தெருவிற் செல்வோர் பலர் கொடுப்பதில்லை. ஆகவே, யாம் எழுப்பும் ஐயம் அம்மக்களைப் பற்றியதன்று. ஒரு சட்டம் செய்யப்பட்ட முறையைப் பற்றியது. இவ்விரண்டனையும் வேறுபிரித்து நோக்க மாட்டாதார் இருதிறத்திலும் உளர். அவரால் விளைந்த இரைச்சலே இவ்விவாதத்திற் பாதி.

பிரிட்டிஷ் பார்லிமெண்டு இப்பொருளில் இயற்றிய சட்டம் 2004-ஆம் ஆண்டினது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டிற் கூறிய தீர்ப்பே அதற்குத் தூண்டுகோலாயிற்று. அச்சட்டத்தின்படி பால்மாற்றச் சான்றிதழ் வேண்டுவோர் 18 வயது நிரம்பியவராதல் வேண்டும். உள்ளத்திற்கும் உடலுக்கும் உள்ள பொருத்தமின்மையை மருத்துவர் ஆய்ந்து எழுதித் தருதல் வேண்டும். மேற்கொண்ட பாலினராய் 2 ஆண்டு வாழ்ந்தமைக்குச் சான்று காட்டல் வேண்டும். இறக்குந்துணையும் அங்ஙனமே வாழ்வதாக உறுதி கூறல் வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு குழுவினர் படித்து முடிவு செய்வர். அறுவைச் சிகிச்சை செய்திருத்தல் வேண்டும் என்ற விதி அதில் இல்லை. இதனைப் பலர் அறியார். 2018-ஆம் ஆண்டளவில் இச்சான்றிதழ் பெற்றிருந்தோர் ஏறக்குறைய 5,000 பேர்.

இம்முறை தமக்கு இழிவு தருகின்றதென்று மாற்றுப்பாலினர் முறையிட்டனர். தம்மை ஒருநாளும் நேரிற் காணாத குழுவினர் தம் வாழ்வைக் காகிதத்திற் படித்துத் தீர்ப்பளிப்பதும், நோயாளர்போல மருத்துவரிடம் சான்று இரந்து நிற்பதும், அதற்கென நெடுங்காலம் காத்திருப்பதும் எவர்க்கும் எளிதல்ல. இம்முறையீட்டைப் பொருளற்றதென்று தள்ளுதல் நேர்மையாகாது. கட்டணத்தை 140 பவுனிலிருந்து 5 பவுனாக 2021-ஆம் ஆண்டிற் குறைத்தது இம்முறையீட்டிற்குக் கிடைத்த சிறு விடை.

ஸ்காத்லாந்து மந்திரிசபையார் இதனினும் பெரிய விடையளிக்கக் கருதி, 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு மசோதாவைக் கொணர்ந்தனர். அதன்படி மருத்துவர் சான்றும் வேண்டா, குழுவும் வேண்டா. பதிவுத் தலைவரிடம் விண்ணப்பித்தல் போதும். 2 ஆண்டு வாழ்தல் வேண்டுமென்ற இடத்தில் 3 மாதம் வாழ்தல் அமையும். விண்ணப்பித்தபின் எண்ணிப் பார்த்தற்கு மேலும் 3 மாதம். வயது வரம்பு 16 ஆயிற்று. பொய்யுறுதி கூறுவார்க்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது. சட்டசபையில் 150-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் நள்ளிரவு கடந்தும் விவாதிக்கப்பட்டன. டிசம்பர் 22-ஆம் நாள் 86 பேர் உடன்பட, 39 பேர் மறுக்க, மசோதா நிறைவேறிற்று. ஆளுங்கட்சியினருள்ளும் சிலர் எதிர்த்து வாக்களித்தனர். அவருள் ஒருவராகிய ஆஷ் ரீகன் அம்மையார், அக்டோபர் மாதத்திலேயே தம் மந்திரி பதவியைத் துறந்து நின்றவர்.

இனி, எமது ஐயத்தின் கரு யாது என்பதைக் கூறுவோம். பெண்டிர் பலர் அச்சம் தெரிவித்தபோது மந்திரிமார் கூறிய விடை இது: "சான்றிதழின் பயனை யாம் மாற்றவில்லை, அதனைப் பெறும் வழியை மட்டுமே எளிதாக்குகின்றோம்." கேட்பதற்கு நன்றாகவே உள்ளது. ஆயின், அதே காலத்தில் எடின்பரோ நகரத்து நீதிமன்றத்தில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அரசாங்கச் சபைகளின் உறுப்பினரிற் பாதிப்பேர் பெண்டிராதல் வேண்டுமென்று 2018-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தில் ஒரு சட்டம் செய்திருந்தனர். அப்பாதியுள் சான்றிதழ் பெற்ற மாற்றுப்பாலினரும் பெண்டிராக எண்ணப்படுவரோ என்பது வழக்கு. தொடுத்தவர் ஃபார் விமென் ஸ்காத்லாந்து என்னும் பெண்டிர் சங்கத்தார். எண்ணப்படுவர் என்று வாதித்தவர் அதே மந்திரிமாரின் வழக்கறிஞர். டிசம்பர் 13-ஆம் நாள் நீதிபதி ஹால்டேன் அம்மையார், 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்திற்கும் சான்றிதழே பாலை மாற்றவல்லது என்று தீர்ப்பளித்தார். ஒன்பது நாள் கழித்து மசோதா நிறைவேறிற்று.

இவ்விரண்டு கூற்றும் தம்முள் முரணுகின்றன என்று யாம் கூறோம். இரண்டனையும் அருகருகே வைத்து நோக்குக என்றே வேண்டுகின்றோம். சட்டத்தில் பெண் என்னும் சொல்லின் பொருளையே மாற்றும் ஆற்றல் சான்றிதழுக்கு உண்டென்பது ஒன்று. அச்சான்றிதழ் இனிக் கேட்டார்க்கெல்லாம் எளிதிற் கிடைக்கும் என்பது மற்றொன்று. பூட்டை மாற்றவில்லை, திறவுகோலை மட்டுமே பலர்க்குக் கொடுக்கின்றோம் என்று வீட்டுக்காரர் கூறின், உள்ளே உறங்குவோர் ஐயுறாதிருப்பரோ? சொல் ஒன்றன் பொருள் விரிந்தால், அச்சொல்லைப் பற்றி நிற்கும் உரிமைகள் அனைத்தும் உடன் விரியும் அல்லது நெகிழும். இஃது இலக்கணம் பயிலும் எம்மனோர்க்குப் புதிய செய்தியன்று.

பெண்டிர்க்கெனத் தனியிடம் வைத்த காரணம் என்னை? மருத்துவமனையிற் பெண்டிர் படுக்கும் கூடத்தில் ஆடவர்க்குப் படுக்கை இடார். அதனால் ஆடவரெல்லாம் தீயர் என்று சொல்லியதாகுமோ? நல்லார் யார், தீயார் யார் என்று ஒவ்வொருவரையும் சோதித்தல் வாயிற்காவலர்க்கு இயலாமையினாலேயே பொதுவிதி ஒன்று வைத்தனர். அவ்விதியின் பெரும்பயன், எவரையும் பழிக்காமல் 'இங்கு வேண்டா' என்று சொல்லத் துணைசெய்தலேயாம்.

"தீயவன் ஒருவன் தீமை செய்யக் கருதின் சான்றிதழுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பானோ?" என்று எதிர்த்திறத்தார் வினவுவர். பெரும்பாலும் காத்திருக்க மாட்டான், இதனை ஒப்புவோம். மாற்றுப்பாலினரிற் பெரும்பாலோர் எவர்க்கும் தீங்கு கருதாதவர் என்பதும் உண்மை. ஆயினும் சட்டம் செய்வார் பெரும்பாலோரை மட்டும் நோக்கிச் சட்டம் செய்தல் எங்கும் வழக்கமன்று. வங்கிக்கு வருவோரிற் பெரும்பாலோர் கள்வரல்லர். அங்குப் பெட்டகத்திற்குப் பூட்டு உண்டு.

நிற்க. இவ்விவாதத்தில் யாம் மிகுதியும் நெஞ்சு வைப்பது சிறையிலுள்ள பெண்டிர்மேல். கடையிலோ குளிப்பிடத்திலோ உளமொவ்வாத நிலை நேரின் ஒரு பெண் எழுந்து வெளியேறலாம். சிறையிலிருப்பவள் எங்கே வெளியேறுவது? அவள் அறையும் அவளுடன் இருப்பாரும் பிறரால் வகுக்கப்படுவன. ஸ்காத்லாந்தின் பெண் குற்றவாளிகள் நிலையை ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டில் அறிக்கை தந்த ஆஞ்சியோலினி அம்மையார் குழுவினர், அவருட் பலர் முன்னரே கொடுமைக்கு இலக்காகி உளம் நொந்தவர் என்பதை எடுத்துக்காட்டினர்.

மசோதா நிறைவேறி ஒரு மாதம் கழிந்தபின் நிகழ்ந்தது நாடெங்கும் பேசப்பட்டது. இரண்டு பெண்டிரை வன்கொடுமை செய்தமைக்காக 2023-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் குற்றவாளியென்று முடிவு கூறப்பட்ட ஒருவர், குற்றஞ்சாட்டப்பட்ட பின்னரே தம்மைப் பெண் என்று கூறிக்கொண்டவர். அவரை ஸ்டெர்லிங் நகரத்தை அடுத்த கார்ன்டன் வேல் பெண்டிர் சிறைக்கே கொண்டு சென்றனர். பிறரிடமிருந்து பிரித்தே வைத்தனர் என்பதையும் கூறுதல் முறை. மக்கள் கூக்குரலிட்டபின், சில நாளில் ஆடவர் சிறைக்கு மாற்றினர். இஃது அம்மசோதாவின் விளைவன்று. மசோதா அப்போது நடைமுறைக்கு வந்ததுமில்லை. சிறைத்துறையார் 2014-ஆம் ஆண்டிலேயே வகுத்துக்கொண்ட வழக்கத்தின் விளைவு அது. ஆதரவாளர் இதனைத் தமக்குத் துணையாகக் காட்டினர். எமக்கோ இது பேரச்சத்திற்கே காரணமாகின்றது. என்னை? சட்டசபையில் ஒரு வாக்கும் கேளாமல், சிறையிலுள்ள பெண்டிரை ஒரு சொல்லும் கேளாமல், தற்கூற்று நெறி அலுவலகங்களினூடே முன்னமே நுழைந்திருந்தது என்பதன்றோ இதன் பொருள்?

சமத்துவச் சட்டத்தில் விலக்கு விதிகள் உள்ளனவே என்பது மற்றொரு விடை. உள்ளன. தக்க காரணம் உண்டாயின் பெண்டிர்க்கென நடத்தும் இடத்தில் பிறரைச் சேர்க்காதிருக்கலாம். ஆயின் அக்காரணம் தக்கதோ என்பதை யார் முடிவு செய்வது? கணவன் கையில் அடிபட்டு ஓடிவந்தாரைக் காக்கும் ஒரு சிறிய விடுதி, நன்கொடையால் நடப்பது, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளப் பொருளில்லாதது, வழக்குக்கு அஞ்சி விதியைக் கைக்கொள்ளாதே விட்டுவிடும். காகிதத்தில் உரிமை இருக்கும். கையாளத் துணிவார் இரார். எடின்பரோவில் ஆடவர் வன்கொடுமைக்கு ஆளானார்க்கு உதவும் ஒரு நிலையத்தில், தமக்கு உதவுபவர் பெண்ணே என்று உறுதி பெற விரும்பிய ஒருவர்க்கு எங்ஙனம் விடை கூறுவது என்று வினவிய பணியாளர் ஒருவர் நடத்தப்பட்ட முறை தவறென்று தொழில் நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வினவியதே குற்றமாகக் கொள்ளப்பட்டது! பெண்டிர்க்கு மட்டும் உரிய வேறொரு நிலையத்தை ரௌலிங் என்னும் கதையாசிரியர் தம் பொருளைக் கொண்டு அந்நகரத்திலேயே 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்தார். செல்வர் ஒருவர் துணையின்றிப் பெண்டிர்க்கு அவ்விடம் கிட்டவில்லை.

அறிஞருள்ளும் ஒருமை இல்லை. ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் பெண்டிர்மேல் நிகழும் வன்கொடுமைகளை ஆராயும் ரீம் அல்சாலெம் அம்மையார், 2022-ஆம் ஆண்டு நவம்பரில் எழுதிய கடிதத்தில், மசோதா தீய ஆடவர்க்கு வழிதிறக்கக்கூடும் என்று எச்சரித்தார். அதே அவையின் சார்பில் பாலின வேற்றுமைபற்றிய ஒடுக்குமுறைகளை ஆராய்ந்துவந்த மாட்ரிகால் போர்லோஸ் என்பார், மசோதாவை ஆதரித்து டிசம்பரில் எழுதினார். இருவரும் மனித உரிமையின் பெயராலேயே பேசினர். இத்துணைக் கடினமான பொருளில், ஐயம் எழுப்பிய பெண்டிரை வெறுப்பினர் என்று சொல்லி வாயடைக்க முயன்றதை யாம் சிறிதும் ஒப்பமாட்டோம்.

பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். 1998-ஆம் ஆண்டு ஸ்காத்லாந்துச் சட்டத்தின் 35-ஆம் பிரிவை முதன்முறையாகக் கையாண்டு, லண்டன் மந்திரிசபையார் 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் மசோதாவைத் தடுத்தனர். அத்தடை செல்லும் என்று டிசம்பரில் தீர்ப்பாயிற்று. பெண்டிர் சங்கத்தாரின் வழக்கோ உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், சமத்துவச் சட்டத்திற் பெண் என்பது பிறப்பால் அமைந்த பாலையே குறிக்குமென்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். ஒருசாராரின் வெற்றியாக இதனைக் கொள்ளவேண்டா என்றும், மாற்றுப்பாலினர்க்கு அச்சட்டம் அளிக்கும் காப்பு நீங்கவில்லை என்றும் உடன் கூறினர்.

அத்தீர்ப்பால் மாற்றுப்பாலினர்க்கு நேரும் இடுக்கண்களை நாடாமலிருத்தல் தகாது. ஆடவர் சிறையில் அடைக்கப்படும் மாற்றுப்பாலினப் பெண்ணும் கொடுமைக்கு இலக்காவள். அவளுக்கும் அங்கிருந்து வெளியேற வழியில்லை. அவர்க்கெனத் தனி அறையும் தனிக் காவலும் அமைத்தற்குப் பொருட்செலவு உண்டு. அப்பொருளைச் செலவிடுதல் அரசாங்கத்தின் கடன். அதனைச் செலவிட மனமின்றி, நலிந்த பெண்டிரின் அறையைப் பகுத்துக் கொடுத்துவிட்டுத் தாராள நெஞ்சினர் என்று பெயர் பெறுதலையே யாம் மறுக்கின்றோம்.

ஸ்காத்லாந்துச் சட்டசபைத் தேர்தலில், 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 12 மாதத்திற்கு மேற்படாத தண்டனை பெற்ற சிறையாளரே வாக்களிக்கலாம். நெடுந்தண்டனை பெற்றுக் கார்ன்டன் வேலிற் கிடந்த பெண்டிர்க்கு 2021-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்கில்லை. அடுத்த ஆண்டில் அவர்தம் அறைகளைப் பற்றி வாதிட்ட 86 பேரும் 39 பேரும் அத்தேர்தலில் வந்தவரே.