சோதனைக்கும் ஒரு காலமுண்டு

வினையெச்சம் கற்பிக்குந்தோறும் நாம் மாணவர்க்குக் கூறுவதொன்றுண்டு: முற்று வருமளவும் பொறுத்திருங்கள். ‘கண்ணன் வந்து’ என்றளவில் நிறுத்திப் பால்வழு உண்டோ என வினவுவார் இலர். ‘சென்றான்’ என முடிந்த பின்னரே இயைபு நோக்குகின்றோம். இந்நெறி இன்று கணினியிற் பதிவேடு பேணுவார்க்கும் வேண்டற்பாலது என்பதே நம் கருத்து.

நாமறிந்த ஆசிரியர் இருவர் தம்முள் இசைந்து பரஸ்பர இடமாற்றம் பெற்றனர். ஒரு பதவியில் ஒருவர் பெயரே இருத்தல் வேண்டும் என்பது பதிவேட்டின் விதி. நல்ல விதியே. ஆயின் முதல்வரின் பெயரைப் புதிய இடத்தில் எழுதப் புகுந்த கணமே, அவ்விடம் நிரம்பியுள்ளதெனக் கணினி மறுத்தது. மற்றவரை முன்னர் மாற்ற முயன்றபோதும் அதே மறுமொழி. ஈற்றில் எழுதுவினைஞர் ஒருவரை எங்குமில்லாத ஓரிடத்தில் தற்காலிகமாகப் பதிந்தார். பின்னர் திருத்த மறந்தார். அவ்வாசிரியர் இரு மாதம் சம்பளமின்றி அலைந்தார்.

குற்றம் விதியினதன்று, விதியைச் சோதித்த வேளையினது.

எட்கார் கொட் என்பார் 1970ஆம் ஆண்டில் வகுத்த உறவுமுறை மாதிரியைத் தழுவியே இன்றைய தரவுத்தளங்கள் பல அமைந்துள்ளன. அவற்றில் மாற்றங்கள் பலவற்றை ஒரே செயலாகக் கட்டலாம். அதனைக் கொடுக்கல் வாங்கல் என்பர். கட்டியவை யாவும் நிலைபெறும். அன்றேல் ஒன்றும் நிலைபெறாது. அச்செயல் முடியும்வரை விதியின் சோதனையைப் பிற்போடும் வழியை எஸ்.கியூ.எல். மொழியின் 1992ஆம் ஆண்டுத் தரநிர்ணயமே வகுத்துவிட்டது. போஸ்ட்கிறெஸ், ஒறக்கிள் ஆகிய தரவுத்தளங்களில் இவ்வசதி உண்டு. மைஎஸ்கியூஎல்லில் அஃதில்லை.

இவ்வழி கையாளப்பட்டிருப்பின், இரு பெயரும் இடம் மாறிய பின்னரே கணினி நோக்கியிருக்கும். ஒரு பதவியில் ஒருவரே இருக்கக் கண்டு ஏற்றிருக்கும். ஆயினும் வசதியுள்ள தரவுத்தளத்திலும் அது தானாக வாராது. இன்ன விதி பிற்போடத்தக்கது என அவ்விதியை அமைப்போரே குறித்தல் வேண்டும். குறியாவிடின் சோதனை உடனுக்குடன் நிகழும்.

விதி இடையூறு செய்யின் அதனை நீக்கிவிட்டால் என்ன என்பாரும் உளர். அவருடன் நாம் உடன்படோம். பிற்போடுதல் வேறு, கைவிடுதல் வேறு. பிற்போட்ட சோதனை ஈற்றில் தவறாது வரும். அப்போது ஒரு விதி பிழைப்பினும் அக்கொடுக்கல் வாங்கல் முழுவதுமே தள்ளப்படும். விதியை நீக்கியவர்க்கோ அக்காவல் இல்லை.

எல்லாவற்றையும் பிற்போடுதலும் அறிவுடைமையாகாது. நம் மருதமுனைத் தறிகளை நோக்குக. இழை அறுந்தால் நெசவாளர் அக்கணமே தறியை நிறுத்தி முடிச்சிடுவர். சாறனின் நீளம் சரியோ என்பதை நெய்து முடித்த பின்னரே அளப்பர். இழையறுதலை ஈறுவரை காணாதிருப்பின் நெய்த உழைப்பெல்லாம் வீணாம். போஸ்ட்கிறெஸ் தரவுத்தளமும் இவ்வாறே பகுத்துள்ளது. பெயரிடத்தை வெறுமையாய் விடுதல், வயதுக்கு எதிரெண் இடுதல் போன்ற பிழைகளை அது அக்கணமே மறுக்கும். இவை ஒரு வரிக்குள் அடங்கும் குற்றங்கள், காத்திருப்பதாற் பயனில்லை. ஒரே பெறுமதி இருமுறை வாராமை, ஓர் அட்டவணை மற்றொன்றைச் சுட்டுதல் ஆகியன பல வரிகளின் இயைபைப் பற்றியன. இவையே பிற்போடத்தக்கன.

அலுவலகங்களிற் பொறுப்பேற்றுள்ள பழைய மாணவர்காள், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் இளைஞர்காள்! பதிவேடு வகுக்கையில், விதி யாது என்று மட்டும் வினவாதீர். அதனை எப்போது சோதிப்பது என்றும் வினவுக. அவ்வினாவை எழுப்பாமையால் வருந்துவது கணினியன்று. சம்பளத்தை நம்பியிருக்கும் ஒரு குடும்பம். எச்சத்தைக் குற்றங்கூறற்க, முற்றைச் சோதியாதும் விடற்க.