நகரங் காணும் முறை

இத்தாலி நாட்டின் தொல்நகரங்களுள் ஒன்று பிளாரன்ஸ். ஆர்னோ ஆற்றங்கரையில் அமைந்த அந்நகருக்குச் செல்வோர் கண்டு மகிழும் காட்சிகள் பல. புருனெல்லெஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் எழுப்பிய பேராலயக் குவிமாடமும், மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாவீதின் சிலையும் அவற்றுள் தலையாயவை. இவற்றைக் கண்டதும், நகரையே கண்டுவிட்டோம் என்று பலர் நிறைவு கொள்வர். அந்நிறைவு குறைவுடையது என்பதே என் கருத்து.

பேராலயத்திலிருந்து சிறிது தொலைவு நடந்தால் அனுன்சியாத்தா சதுக்கம் வரும். அதன் ஒரு புறத்தே ஒன்பது வளைவுகளைத் தாங்கிய தூண்வரிசை ஒன்று அமைதியாக நிற்கும். ஆதரவற்ற குழந்தைகளுக்கென எழுந்த இன்னொசென்டி இல்லம் அது. மாசற்றோர் என்பது அப்பெயரின் பொருள். 1419ஆம் ஆண்டில் பட்டு வணிகர் சங்கத்தார் பொருள் உதவ, குவிமாடம் எழுப்பிய அதே புருனெல்லெஸ்கியே இதற்கும் வடிவம் வகுத்தார். 1445ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முதற் குழவி அங்கு வந்து சேர்ந்தது. அது ஒரு பெண்மகவு. பின்னாளில் அந்திரேயா தெல்லா ரோபியா என்னும் சிற்பி, துணி சுற்றிய குழவியரின் வெண்ணிற உருவங்களை நீலப் பின்னணியில் சுடுமண்ணால் வடித்து, வளைவுகளுக்கு இடையே பதித்தார்.

அத்தூண்வரிசையின் கோடியில் கம்பியிட்ட சிறு சாளரம் ஒன்று உண்டு. வறுமையாலோ, பழிக்கு அஞ்சியோ, பெற்ற குழவியை வளர்க்க இயலாதோர் அதன் வழியே உள்ளே விட்டுச் சென்றனர். 1875ஆம் ஆண்டில் அஃது அடைக்கப்பட்டது. அவ்வாறு விட்டுச் சென்ற தாயருட் சிலர், நாணயத்தையோ பதக்கத்தையோ இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் குழவியுடன் வைத்து, மறுபாதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டனர். என்றேனும் திரும்பி வந்தால், தம் மகவை அறிந்துகொள்ள அஃதே அடையாளம். அத்தகைய பாதிகள் பல இன்றும் அவ்வில்லத்து அருங்காட்சியகத்தில் உள்ளன. அச்சிறு துண்டுகள் உரைக்கும் துயரத்தை எந்தக் குவிமாடம் உரைக்கும்?

‘நாளோ குறைவு, புகழ்பெற்றவற்றைக் கண்டால் போதாதா?’ எனச் சிலர் வினவலாம். குவிமாடத்தைக் காண வேண்டா என்று யான் கூறவில்லை. அஃது அந்நகரத்தாரின் ஆற்றலைக் காட்டும். இச்சாளரமோ அவர்தம் அல்லலையும் அருளையும் ஒருங்கே காட்டும். குழவியைக் கைவிடச் செய்த சமுதாயத்தின் குறையும், அதனைக் கையேந்தி வளர்த்த நிறையும் அங்கே அருகருகே நிற்கின்றன. இரண்டையும் அறிந்தவரே அந்நகரை அறிந்தவர் ஆவர்.

ஆதலின், மாணவர்களே! எந்நகருக்குச் சென்றாலும், ஓங்கி நிற்பவற்றைக் கண்டபின், ஒதுங்கி நிற்பவற்றையும் தேடிக் காணுங்கள்.