நம்பச் சொல்லாதீர்கள், பதில் சொல்லுங்கள்

தலைமைக்கும் ஊழியர்களுக்கும் இடையே நம்பிக்கையை வளர்ப்பது எப்படி என்று வகுப்பு எடுப்பது இன்று ஒரு தனித் தொழிலாகிவிட்டது. மேலாளர் மனம் திறந்து பேச வேண்டுமாம். ஊழியரைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டுமாம். மாதம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், மேலே இருப்பவர் என்ன சாதி, கீழே இருப்பவர் என்ன சாதி என்ற கேள்வி மட்டும் அந்த வகுப்புகளில் எழுவதே இல்லை.

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்த நாட்டில் பணியிட நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது ஏமாற்று வேலை. யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று பிறப்பிலேயே முடிவு செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டுக்குத்தான் சாதி என்று பெயர். கல்லாப்பெட்டிச் சாவி யார் கையில் இருக்கிறது? குடோன் சாவி யாரிடம்? 'நம்பிக்கையான ஆள்' என்று முதலாளி சொன்னால் 'நம்ம ஆள்' என்று பொருள். 'நம்ம ஆள்' என்றால் யார் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கர் இதை அன்றே பிடித்துவிட்டார். பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமில்லை. தறிநாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும். அவர்கள் வாய் பட்ட நாடாவைத் தொடமாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தப் பிரச்சினையைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். 1938-இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பேசியபோது, பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டுமே தொழிலாளியின் எதிரிகள் என்றார். இரண்டில் ஒன்றை மட்டும் எதிர்ப்பவரை ஒடுக்கப்பட்ட தொழிலாளி ஏன் நம்ப வேண்டும்?

இது பழங்கதை என்பவர்கள் திண்டுக்கல்லுக்கு வரட்டும். 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலை அது. கொலை வழக்கில் கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அந்த ஆள் பல மாதங்களாகத் தொல்லை கொடுத்து வந்ததாகக் குடும்பத்தாரும் சக தொழிலாளர்களும் சொன்னார்கள்.

அங்கே விதிகளுக்கா பஞ்சம்? வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைக்கும் ஆலைகளில் நடத்தை விதி உண்டு, தணிக்கை உண்டு. 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றி விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். ஆனால் அந்தக் குழுவை அமைப்பவர் யார்? முதலாளி. அதன் தலைவராக இருப்பவர் அதே நிறுவனத்தில் உயர்பொறுப்பில் இருக்கும் ஒரு பெண். டார்கெட் முடியவில்லை என்று லைனில் திட்டு வாங்கும் ஒரு தையல் தொழிலாளி, தன் சூப்பர்வைசர் மேல் புகார் எழுதி, அந்த சூப்பர்வைசருக்குச் சம்பளம் கொடுப்பவர் அமைத்த குழுவிடமே நீட்ட வேண்டும். புகார் கொடுத்த மறுநாள் வேலை இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. புகார் வரவில்லை என்பதைக் காட்டி 'எங்கள் ஆலையில் நல்லுறவு நிலவுகிறது' என்று எழுதிக்கொள்வார்கள். பயத்தால் வாய் மூடியிருப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நம்பிக்கை.

அந்தப் பெண்ணின் மரணத்துக்குப் பிறகு நிலைமையை மாற்றியது எந்த மேலாளரின் மனமாற்றமும் இல்லை. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் துணை நின்றன. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேனுடனும் ஹெச் அண்ட் எம் நிறுவனத்துடனும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. அந்த ஒப்பந்தம் யாரையும் நம்பச் சொல்லவில்லை. இருபத்தைந்து தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில், தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுக்கும் என்றது. முதலாளியின் பிடிக்குள் இல்லாத புகார் விசாரணைக்கு வழி செய்தது. பாலினத்தோடு சாதியையும் பெயர் சொல்லி எழுதி, சாதிப் பாகுபாடு கூடாது என்றது. ஆலை நிர்வாகம் மீறினால் பிராண்டின் ஆர்டர் பாதிக்கப்படும் என்று கடிவாளம் போட்டது.

கவனியுங்கள். கேட்கும் இடத்தில் தொழிலாளியும், பதில் சொல்லும் இடத்தில் நிர்வாகமும் நிற்கின்றன. நம்பிக்கை பிறக்க வேண்டுமானால் இப்படித்தான் பிறக்கும். தவறு செய்தால் மேலே இருப்பவருக்கும் இழப்பு உண்டு என்று தெரிந்த பிறகுதான் கீழே இருப்பவர் வாய் திறப்பார்.

'சங்கம் வந்தால் உறவு கெட்டுவிடும், நாங்கள் எல்லாம் ஒரே குடும்பம்' என்பார்கள். குடும்பம் என்றால் லாபத்தில் பங்கு எங்கே? சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏழைப் பெண்களை நூற்பாலை விடுதிகளில் அடைத்து, மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டியவர்களும் இந்தக் குடும்பப் பாசத்தைத்தான் பேசினார்கள். 'நாங்கள் சாதி பார்ப்பதில்லை' என்பார்கள். பார்க்காதவர்கள், சூப்பர்வைசர், மேனேஜர், ஹெச்.ஆர். பதவிகளில் எந்தெந்தச் சமூகத்தவர் இருக்கிறார்கள் என்ற கணக்கை வெளியிடட்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். பொதுமக்கள் பார்வையில் படாமல் நான்கு சுவருக்குள் நடந்த சாதி இழிவுப் பேச்சு அந்தப் பிரிவுக்குள் வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மேனேஜர் அறைக்கும் நான்கு சுவர்தான்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடி பிடிக்கவும் கூட்டம் சேர்க்கவும் தலித் பெண்கள் வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் உட்கார மட்டும் 'அனுபவம் உள்ளவர்' வேண்டும் என்றால், முதலாளியின் 'நம்ம ஆள்' கணக்குக்கும் உங்கள் கணக்குக்கும் என்ன வித்தியாசம்? திண்டுக்கல்லில் காரியம் நடந்ததற்கு முக்கியமான காரணம், பாதிக்கப்பட்டவர்களே தலைமையில் இருந்ததுதான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் கண்காணிப்பாளர்கள் எல்லா ஆலைகளிலும் வேண்டும். புகார்க் குழுக்களில் சாதிக் கொடுமையும் விசாரிக்கப்பட வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். தனியார் துறையில் இட ஒதுக்கீடு வேண்டும், மேற்பார்வைப் பதவிகள் உட்பட. பிராண்டுகள் எந்த ஆலையில் வாங்கினாலும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

இவற்றைத் தராமல் நம்பிக்கை பற்றி வகுப்பு எடுக்காதீர்கள். தலைமுறை தலைமுறையாக நம்ப மறுத்தவர்கள் நீங்கள். முதலில் நம்ப வேண்டிய கடமையும் உங்களுடையதுதான்.