டாஷ்போர்டில் விரிசல்: பசை போட்டால் போதுமா?

சித்திரை வெயிலில் திண்டுக்கல் பஸ் நிலையம் பக்கம் காரை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து கதவைத் திறந்து பாருங்கள். ஸ்டீயரிங்கில் கை வைக்க முடியாது. பொசுங்கும்! இந்தச் சூட்டில் வருஷக்கணக்கில் வேகிற பிளாஸ்டிக் டாஷ்போர்டு மட்டும் என்ன செய்யும்? பாளம் பாளமாக வெடிக்கத்தான் செய்யும்.

எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் பழைய கார் வாங்கினார். இடது பக்க டாஷ்போர்டில் ஒரு முழ நீள விரிசல். "இதுக்கென்னண்ணே, அரை நாள்ல சரி பண்ணிடலாம்" என்றார்கள் சீட் கவர் கடையில். பசை தடவி, ரெக்சின் ஒட்டி, அதன் மேல் ஒரு பிள்ளையாரையும் உட்கார வைத்துக் கொடுத்தார்கள். மனிதர் குடும்பத்தோடு சிறுமலைக்கே போய் வந்துவிட்டார். 18 கொண்டை ஊசி வளைவு!

பசைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

உள்ளே இருப்பது என்ன?

இடது பக்கம் உட்காருபவருக்கான ஏர்பேக், அதாவது காற்றுப்பை, அங்கேதான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கார் பலமாக மோதினால் கண் இமைக்கும் நேரத்துக்குள் அதில் வாயு நிரம்பி, மூடியைப் பிளந்துகொண்டு வெளியே வரும். எந்த இடத்தில் பிளக்க வேண்டும் என்பதைத் தயாரிக்கும்போதே கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் பசை போட்டு இறுக்கினால் பை எந்தப் பக்கம் பிதுங்கும்? உடைந்த பிளாஸ்டிக் சில்லும், மேலே இருக்கும் பிள்ளையாரும் யார் முகத்தில் பாயும்?

காப்பாற்ற வேண்டியதே கொன்றது

வெயில் கண்ணுக்குத் தெரியாத வேலையும் செய்யும். ஜப்பானின் டகாட்டா கம்பெனி காற்றுப்பைகளில் அம்மோனியம் நைட்ரேட் மருந்து வைத்திருந்தார்கள். வெப்பமும் ஈரக்காற்றும் பட்டுப் பட்டு, பல வருஷத்தில் அது கெட்டது. மோதலின்போது அளவு மீறி வெடித்து, உலோகக் கூடு சிதறி ஆளைக் குத்தியது. 2014-ல் மலேசியாவின் சிபு நகரில் ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படித்தான் பலியானார். உலகம் முழுக்க கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவில் ஹோண்டா, 2016 ஜூலையில் மட்டும் 1 லட்சத்து 90 ஆயிரத்து 578 கார்களை அழைத்தது. டகாட்டா 2017-ல் திவாலானது.

டாஷ்போர்டு வெடித்தால் உள்ளே மருந்தும் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வீண் பீதி வேண்டாம். ஆனால், வெயிலில் கிடந்து பல கை மாறிய கார் அது என்பதற்கு அந்த விரிசலே சாட்சி. திரும்ப அழைக்கும் கடிதம் பழைய சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கும். கார் நம்ம ஊருக்கு வந்திருக்கும்!

செலவில்லாத வேலை

புது டாஷ்போர்டுக்குக் கொடுக்க குமாஸ்தாவிடம் காசு ஏது என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் சேஸிஸ் நம்பரைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் விசாரிக்கக் காசு வேண்டாம். திரும்ப அழைத்த கார் என்றால் காற்றுப்பைப் பழுதை இலவசமாகவே மாற்றித் தருவார்கள். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றாலும், எரியவே இல்லை என்றாலும் கோளாறு. விரிசலைச் சரி செய்யும்வரை இடது முன்சீட்டில் ஆள் வேண்டாம். குழந்தை என்றால் எப்போதுமே பின்சீட்டுதான். சீட் பெல்ட்டை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் காற்றுப்பையே ஆபத்து.

வாங்குகிறவர் தலையில் மட்டும் பாரத்தைப் போடுவது சரியல்ல. பழைய கார் விற்கிறவர்கள், காற்றுப்பை இருக்கிறதா, பழுதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாடகைக் காருக்கு எப்.சி. பார்க்கும் அதிகாரிகள் ஒட்டுப்போட்ட டாஷ்போர்டைக் கண்டால் விடக் கூடாது. சீட் கவர் கடைக்காரர்களே, "இங்கே பசை போட மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வியாபாரம் கெட்டுவிடாது.

பூட்டுக்குப் பேர் போன ஊர் நம்முடையது. வீட்டுக் கதவைப் பூட்டுங்கள். உயிர் காக்க வருகிற பையின் கதவைப் பூட்டாதீர்கள்!