அம்மாவுக்கு ஆயிரம் கொடுத்தா இலவசம், கார்ப்பரேட்டுக்கு 1.45 லட்சம் கோடி விட்டுக்கொடுத்தா வளர்ச்சியா?

எங்க காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல நண்பன் ஒருத்தன் கேட்டான்: "மாசாமாசம் டிடிஎஸ் பிடிக்கிறாங்க மச்சி. அதை எடுத்து வீட்ல சும்மா இருக்கிறவங்களுக்கு ஆயிரம் ஆயிரமா கொடுக்கிறீங்க. நியாயமா?"

உடன்பிறப்புகளே, உங்க குரூப்லயும் இந்தக் கேள்வி வரும். கோபப்படாம இந்தப் பதிலைக் கொடுங்க.

முதல்ல அந்த "சும்மா". எங்க அம்மா காலைல அஞ்சு மணிக்கு எழுந்து தண்ணி பிடிக்கணும், சமைக்கணும், பாட்டிக்கு மாத்திரை கொடுக்கணும். ராத்திரி பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் வேலைதான். இதுக்கு இதுவரை எவனும் சம்பளம் போட்டதில்ல. உரிமைத் தொகை வந்த முதல் மாசம், அப்பாகிட்ட கேட்காம அவங்களே கடைக்குப் போய் ஒரு ஜோடி செருப்பு வாங்கிட்டு வந்தாங்க. அது உதவித்தொகை இல்ல, உரிமைத் தொகைன்னு ஏன் பேர் வச்சாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

இப்போ டிடிஎஸ் கதைக்கு வருவோம். நண்பா, உன் டிடிஎஸ் போறது டெல்லிக்கு. விவசாய வருமானம் தவிர மத்த வருமானத்துக்கு வரி போடுற அதிகாரம் ஒன்றியப் பட்டியல்ல இருக்கு. மாநில அரசு நினைச்சாலும் ஒரு கோடீஸ்வரன் மேல ஒரு பைசா வருமான வரி போட முடியாது. வீட்டுக்கு வீடு கொடுக்கிற பொறுப்பு மாநிலத்துக்கு. பணக்காரன்கிட்ட வாங்குற அதிகாரம் ஒன்றியத்துக்கு.

அந்த அதிகாரத்தை வச்சு என்ன செஞ்சாங்கன்னு பாருங்க.

2015: சொத்து வரியையே ஒழிச்சாங்க.

2019: நிறுவன வரியை 30%ல இருந்து 22% ஆக்கினாங்க. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15%. இதனால வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்புன்னு சொன்னது நாங்க இல்ல, ஒன்றிய நிதியமைச்சரே சொன்னது.

2023: புதிய வரி முறையில, வருஷம் 5 கோடிக்கு மேல சம்பாதிக்கிறவங்களுக்கு இருந்த 37% சர்சார்ஜை 25% ஆக்கினாங்க.

விளைவு? 2023-24ல நிறுவன வரி வசூலை விட தனிநபர் வருமான வரி வசூல் அதிகம். உன் தலையில பாரம் ஏறினதுக்குக் காரணம் எங்க அம்மாவோட செருப்பு இல்ல மச்சி, மேல இருக்கிறவனுக்குக் கொடுத்த தள்ளுபடி.

கணக்கும் போட்டுப் பாரு. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்கு காஞ்சிபுரத்துல நம்ம தலைவர் தொடங்கி வச்சப்போ, 1 கோடியே 6 லட்சம் மகளிருக்கு இந்தத் தொகை. 2025-26 பட்ஜெட்ல ஒதுக்கினது 13,807 கோடி. 2019ல ஒரே கையெழுத்துல விட்டுக்கொடுத்தது இதைப் போல பத்து மடங்குக்கும் மேல!

2022ல இதே மாதிரித் திட்டங்களை 'ரேவடி கலாச்சாரம்'னு கிண்டல் பண்ணார் பிரதமர். அடுத்த வருஷமே அவர் கட்சி மத்தியப் பிரதேசத்துல லாட்லி பெஹ்னா கொண்டு வந்தது. 2024ல அவங்க கூட்டணி ஆட்சி மகாராஷ்டிராவுல மாசம் 1,500 கொடுத்தது. நாம கொடுத்தா இலவசம், அவங்க கொடுத்தா நலத்திட்டமா?

"சொத்து வரியில வசூலே கம்மிப்பா, அதான் எடுத்தாங்க"ன்னு சொல்லுவாங்க. உண்மைதான், கம்மிதான். ஏன் கம்மி? பெரும் பணக்காரனோட சொத்து முக்கால்வாசி பங்குகள்ல இருக்கு. அந்த வரியில பங்குகளுக்கு விலக்கு! சல்லடையில தண்ணி மொண்டுட்டு, கிணத்துல தண்ணி இல்லைன்னு சொன்ன கதை.

"வரி போட்டா பணக்காரன் நாட்டை விட்டு ஓடிடுவான்"ம்பாங்க. நார்வேயிலயும் சுவிட்சர்லாந்துலயும் இன்னிக்கும் சொத்து வரி இருக்கு. பிரிட்டன்ல வாரிசுச் சொத்துக்கு 40%, ஜப்பான்ல 55% வரைக்கும் வரி. நம்ம நாட்டுல 1985லயே ஒழிச்சாச்சு. அப்பன் சேர்த்த ஆயிரம் கோடி, ஒரு பைசா வாரிசு வரி இல்லாம மகன் கைக்குப் போகுது. ஆனா எங்க அம்மா ஆயிரம் ரூபாயில சோப்பு வாங்கினா ஜிஎஸ்டி, கேஸ் வாங்கினா ஜிஎஸ்டி, போன் ரீசார்ஜ் பண்ணா 18% ஜிஎஸ்டி. யாருப்பா வரி கட்டாதவங்க?

நாம கேட்கிறது மூணே விஷயம். பெரும் சொத்துக்கும் வாரிசுச் சொத்துக்கும் வரி போடு, பங்குகளையும் சேர்த்து. கோடிகள்ல சம்பாதிக்கிறவனுக்குக் கொடுத்த சலுகையைத் திரும்ப எடு. அதை செஸ், சர்சார்ஜ்னு போட்டு டெல்லியே வச்சுக்காம, மாநிலங்களுக்கு 41% பங்கு வர்ற மாதிரி அடிப்படை வரியிலயே வை.

மாசச் சம்பளக்காரன்கிட்ட ஒரு ரூபாய் கூட அதிகமாக் கேட்கல. உன் சண்டை எங்க அம்மா கூட இல்ல நண்பா. உன் டிடிஎஸ்ஸும் எங்க அம்மாவோட ஜிஎஸ்டியும் ஒரே பக்கம். எதிர்ப்பக்கம் யாருன்னு பார்.

உங்க குரூப்ல அந்தக் கேள்வி கேட்டவருக்கு இதை ஃபார்வர்டு பண்ணுங்க. திட்டாதீங்க, கணக்கைக் காட்டுங்க.

#உரிமைத்தொகை #பெரும்பணக்காரர்க்குவரி