“கொஞ்சம் இறங்கி வழிச்சு வுட்டுடுப்பா”

செம்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர் பக்கம் தெருவுக்குத் தெரு கரண்ட் கம்பத்தில் ஒரு போன் நம்பர் தொங்கும்: ‘செப்டிக் டேங்க் கிளீனிங்’. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. பெயர்ப்பலகை மாறியது. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் வீட்டுப் பீ இன்னும் வீட்டுக்கடியிலேதான். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். 2015 டிசம்பரில் மூழ்கிய முடிச்சூர், வரதராஜபுரம் மாதிரி தாழ்வான இடங்களில் மண்ணே தண்ணி குடித்து நிறைந்துவிடும். தொட்டி வடியாது. கக்கூஸ் எதிர்த்துக்கொண்டு வரும். உடனே கம்பத்து நம்பருக்கு போன்.

லாரி வரும், குழாய் விட்டு உறிஞ்சும். இதுவரை தப்பில்லை. தண்ணி போன பிறகு அடியில் பல வருஷத்துக் கசடு இறுகிக் கிடக்கும். குழாய்க்கு அது மசியாது. அப்போது வீட்டுக்காரர் சொல்வார்: “கொஞ்சம் இறங்கி வழிச்சு வுட்டுடுப்பா. மேல ஐந்நூறு ரூபா வாங்கிக்க.”

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஏ.சி. மெக்கானிக்கிடம், பைப் போட வந்தவரிடம் இதை யாரும் சொல்வதில்லை. யாரிடம் சொல்லலாம் என்பது சொல்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. சாக்கடையிலும் மலக்குழியிலும் வேலை செய்கிறவர்கள் 38,000 பேரை மத்திய அரசு கணக்கெடுத்தது. 2024இல் வெளிவந்த அந்தக் கணக்கில் நூற்றுக்கு 69 பேர் பட்டியல் சாதியினர். பொதுப்பிரிவினர் 8 பேர். ‘நாங்க சாதியெல்லாம் பாக்கறதில்லீங்க’ என்கிற நகர்களின் குழிக்குள்ளே இருக்கிற கணக்கு இது.

குழிக்குள் என்ன இருக்கிறது? ஹைட்ரஜன் சல்ஃபைடு. முதலில் அழுகின முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிடும். ‘வாடை இல்ல, இறங்கலாம்’ என்று நினைக்கிற அந்த நேரம்தான் சாவு. கூடவே மீத்தேன், பிராணவாயுப் பற்றாக்குறை. மூக்கில் கட்டின துணி இதைத் தடுக்காது. வாங்கிக் கொடுக்கிற குவார்ட்டரும் தடுக்காது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலியில் 2019 மார்ச்சில் ஒரு குடியிருப்பின் மலக்குழியில் ஆறு பேர் செத்தார்கள். அதில் கட்டடச் சொந்தக்காரரும் அவருடைய இரண்டு மகன்களும் உண்டு. விழுந்தவரைத் தூக்கப் போனவர்களும் திரும்பவில்லை. வாயு சாதி பார்ப்பதில்லை. கூப்பிடுகிறவர்தான் பார்க்கிறார். மீஞ்சூரில் 2023 மே மாதம் ஒரு தனியார் பள்ளியின் குழியில் செத்த இரண்டு பேரும் கூலிக்கு வந்தவர்கள். இந்தச் சாவுகளில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம் என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். இங்கே எத்தனை பெரியார் சிலை!

சட்டம் இல்லாமல் இல்லை. 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. இரண்டாவது, அந்த வருஷம் டிசம்பர் 6இல், பாபாசாகேப் அம்பேத்கரின் நினைவு நாளில், நடைமுறைக்கு வந்தது. அதன் 7ஆம் பிரிவை வீட்டுக்காரர்கள் படிக்க வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலோ மலக்குழியிலோ ‘எந்த நபரும்’ ஆளை இறக்கக் கூடாது, நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது. ‘நான் லாரிக்காரன்கிட்டதான் சொன்னேன்’ என்பது தப்பிக்கிற வழி அல்ல. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உச்சநீதிமன்றம் 2014இல் சாவுக்குப் பத்து லட்சம் நஷ்டஈடு என்றது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. நஷ்டஈடு ஏறுகிறது. ஜெயிலுக்குப் போன வீட்டுக்காரர் உங்கள் தெருவில் யாராவது உண்டா?

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுத்தால் கசடு இறுகாது. நம்மாட்கள் நிரம்பி வழியும்வரை விடுவார்கள். கட்டும்போதே தொட்டியின் வாய்மேல் டைல்ஸ் போட்டு, அதன்மேல் காரை நிறுத்தியிருப்பார்கள். போன் போடும்போதே கேளுங்கள்: கசட்டைக் கரைக்கத் தண்ணியைப் பீய்ச்சி அடிக்கிற கருவி இருக்கிறதா, குழாய் அடிவரை எட்டுமா? இல்லையென்றால் வேறு லாரி. ஒரு நடையில் முடியாவிட்டால் தண்ணி ஊற்றி ஊறவிட்டு அடுத்த நாள் இன்னொரு நடை வரட்டும். அந்த நடைக்கான காசை வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும்.