பெருநாளும் வழிப்போக்கரும்

அயல்நாட்டு நகரில் தனியே பெருநாளை எதிர்கொள்பவர், அறைக்குள் அடைந்து வருந்துதல் வேண்டா. பள்ளிவாசலை நாடட்டும். சிங்கப்பூரில் சூலியா முஸ்லிம்கள் 1826-இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலில் இன்றும் தமிழில் குத்பா ஒலிக்கிறது. தமிழ் கேளாத ஊரிலும் தக்பீர் ஒன்றே. தோளோடு தோள் நிற்பவர் சகோதரரே.

ஆயினும், பொறுப்பு பயணிக்கு மட்டும் உரியதன்று. ஜகாத் பெறத்தக்க எண்வகையினருள் வழிப்போக்கரையும் திருக்குர்ஆன் (9:60) சேர்த்துள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெருநாள் தொழுகைக்கு ஒரு வழியில் சென்று மறுவழியில் திரும்புவார்கள். பலரைக் கண்டு ஸலாம் உரைக்க அது வாய்ப்பு என்பர் அறிஞர்.

அன்பர்களே! தொழுகை முடிந்ததும் உற்றாரை மட்டும் தழுவித் திரும்பிவிடாதீர்கள். கடைசி வரிசையில் எவரையும் அறியாது நிற்கும் முஸாபிரை, வடநாட்டுத் தொழிலாளியாயினும், இல்லத்திற்கு அழையுங்கள். உங்கள் ஸஹனில் ஒரு கை கூடட்டும். கடல் கடந்த உங்கள் மகனை எவரேனும் அழைக்கவேண்டும் என்றுதானே நீங்களும் துஆ செய்கிறீர்கள்?